கனிவுடன் பரிசீலிக்கப்பட்ட நீரடைப்பு

கம்பம் பள்ளத்தாக்கில் எழுதப்பட்ட உரைநடைகளிலேயே அதிகம் பேர் கைக்குப் போய்ச் சேர்ந்தவை நான்கு வரிகள். அவற்றை எழுதியவன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய்.

அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டைதாரர்களின் குறைகளைத் தீர்க்கும் பிரிவொன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் கண்காணிப்பாளராக இருந்தேன். அலுவலகத்தின் பெயரை அடக்கம் கருதி விட்டுவிடுகிறேன். “எந்த டாக்டரும் கார்டை வாங்க மாட்டேங்கிறாக” என்று யார் மனு கொடுத்தாலும் வட்ட முத்திரையோடு என் பதில் போகும்:

‘தங்கள் மனு கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. தங்களுக்குத் தேவையான சிறப்பு மருத்துவர்கள் இணைப்புப் பட்டியலில் உள்ளனர். தாங்கள் விரும்பும் மருத்துவமனையை அணுகிப் பயனடையுமாறு அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். மனு முடித்து வைக்கப்படுகிறது.’

பட்டியலை ஆண்டுதோறும் தவறாமல் ‘புதுப்பித்தேன்’. அதாவது, தலைப்பில் இருந்த ஆண்டை மாற்றினேன். நிலுவையில் ஒரு மனுகூட இல்லாத ஒரே பிரிவு என்று எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

ஓய்வுபெற்ற எட்டாம் மாதம் எனக்கு நீர் நின்றுவிட்டது. கம்பத்தில் இப்படிச் சொன்னால் பெரியாறு மதகை அடைத்துவிட்டார்களா என்று கேட்பார்கள். நான் சொல்வது என் சொந்த நீரை. அரசு ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு எடுத்துவிட்டு, “புராஸ்டேட் வீக்கம் பாய். பதினஞ்சு நாளைக்குள்ள யூராலஜி டாக்டர்ட்ட ஆபரேசன் பண்ணிருங்க. மறுபடி அடைச்சா கிட்னிக்கு ஆகாது” என்றார் டாக்டர்.

“காசு குடுத்தே பாத்துருவோம்ங்க” என்றாள் என் மனைவி மதீனா.

“திட்டத்துக்கு நானே துரோகம் பண்றதா? பட்டியல் இருக்கு.”

“பட்டியலு யாரு போட்டது?”

“நான்தான்.”

“அதான் கேக்குறேன்.”

பட்டியலில் முதல் மருத்துவமனை கம்பத்திலேயே இருந்தது. உள்ளே ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கட்டப்பனைக்குப் போய் ஏழு வருடமாம். இரண்டாவது உத்தமபாளையம். அங்கே டாக்டர் இருந்தார், சுவரில், மாலையோடு. ஆக, மிச்சம் தேனி. சின்னமனூரில் ஒருமுறை, வீரபாண்டியில் ஒருமுறை அவசரமாக இறங்கி, அடுத்தடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன்.

வரவேற்பு மேசையில் ஜாய்ஸ் என்ற ராயப்பன்பட்டிப் பெண் இருந்தாள்.

“யூராலஜி டாக்டர் இருக்காகளாம்மா?”

“இருக்காக சார். செவ்வாக்கிழமை வருவாக.”

“கார்டு எடுப்பீகளா?”

“எடுப்போம் சார். வியாழக்கிழமை எடுப்போம்.”

“செவ்வாக்கிழமை கார்டு?”

“அன்னைக்கு டாக்டர்தான் சார்.”

“வியாழக்கிழமை டாக்டர்?”

“அன்னைக்குக் கார்டுதான் சார்.”

அந்த நிர்வாக ஒழுங்கைக் கண்டு எனக்கு மெய்சிலிர்த்தது. என் பிரிவில்கூட இவ்வளவு கச்சிதம் கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்தேன். பயமாகத்தான் இருந்தது. பதினைந்தில் பதினொரு நாள் போய்விட்டது.

பக்கத்தில் மயிலாடும்பாறைப் பெரியவர் ஒருவர். பெயர் சின்னக்கருப்பு. வேட்டிக்குள்ளிருந்து வந்த டியூபின் முனையில் மூத்திரப் பை. அதை ஒரு மஞ்சள் பைக்குள் மறைத்துப் பிடித்திருந்தார்.

“எம்புட்டு நாளா அண்ணே இந்தப் பை?”

“ரெண்டு வருசமாச்சு. மாசாமாசம் பெரியாஸ்பத்திரில டியூபு மாத்துறாக. ஆபரேசனுக்கு ஆளுதான் அம்பிடல. ஆனா எங்கிட்டச் சிபாரிசுக் கடுதாசி இருக்கு” என்று மடியிலிருந்து எடுத்தார். லேமினேட் செய்திருந்தார். “இதக் காட்டித்தான் ஒவ்வொரு ஆசுபத்திரியா ஏறி எறங்குறேன். இது ஒம்பதாவது. எழுத்துக் கூட்டத் தெரியாது, வாசிங்க தம்பி.”

கனிவுடன் பரிசீலிக்கப்பட்டது. அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். வாசித்துக் காட்டினேன். கடைசி வரியை மட்டும் வாசிக்கவில்லை.

“கேட்டீகளா? ‘அன்போட’ன்னு போட்டிருக்காக. எந்த ஆபீசுல எனக்கு இப்படி மருவாதி குடுத்தாக? அடியில கையெழுத்து யாருது?”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். யாராலும் படிக்க முடியாத கையெழுத்து. ஓய்வூதியப் படிவங்களில் என்னை மூன்று முறை அலையவிட்ட அதே கையெழுத்து. வாழ்க்கையில் முதன்முறையாக அதற்கு நன்றி சொன்னேன்.

“புரியல அண்ணே.”

“போகட்டும். ஆபரேசன் முடியவும் தேடிப் புடிச்சுருவேன். எங்க ஊரு எலவம்பஞ்சுல தலகாணி ஒண்ணு தச்சு வச்சிருக்கேன், அந்த அய்யாவுக்குன்னு. மகராசன் நிம்மதியாத் தூங்கட்டும்.”

கடிதத்தை அவர் மடியிலேயே வைத்தேன்.

“அவரு இத்தன வருசமும் நல்லாத்தான் தூங்குனாரு அண்ணே” என்றேன்.