விழிப்பு மன்றத்தின் விளக்கப் புத்தகம்

"ஒரே பக்கமா? யாரைக் கேட்டு இதை அடிச்சீங்க?"

தலைவர் அந்தத் தாளின் நுனியைப் பிடித்து, செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கிக் காட்டினார். வாக்காளர் விழிப்பு மன்றத்தின் செயலாளர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"சாதாரண ஜனங்களுக்கும் போய்ச் சேரட்டும்னுதான் ஐயா. தேர்தல் சட்டத்துல என்னென்ன மாறணும்னு நீங்க எழுதின முப்பத்திரண்டு பக்கத்தையும் சுருக்கி, ரெண்டு படமும் போட்டு..."

"போய்ச் சேர்ந்துச்சா?"

அங்கேதான் வில்லங்கம். ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் புதுத் தாளைக் கண்டவர்கள் முகம் சுளித்தார்கள். "இது எந்த மூலைக்கு? முன்னாடி குடுத்த அந்தப் பெரிய புஸ்தகமே குடுங்க" என்று மூன்று பேர் ஆபீசுக்கே வந்து சண்டை போட்டிருந்தார்கள்.

"ஜனங்களைக் குறைச்சு எடை போட்டுட்டீங்க. அவங்களுக்குக் கனமான விஷயம் வேணும்யா!" என்றார் தலைவர். "அப்புறம், என் மாப்பிள்ளை வீட்டுல சும்மாதான் இருக்கார். ஞாபகம் இருக்கட்டும்."

செயலாளருக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. ஒரே வாரத்தில் புத்தகம் நாற்பது பக்கமானது. முன்னுரைக்கு ஒரு முன்னுரை, உட்பிரிவுக்குள் உட்பிரிவு. நானூறு பிரதியும் இரண்டே நாளில் காலி. உச்சி குளிர்ந்துபோன தலைவர், தம் பொதுவாழ்வு பற்றி இன்னும் இருபது பக்கம் சேர்த்தார். அதற்கும் தள்ளுமுள்ளு.

வீட்டில் செயலாளரின் மனைவி அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"இதை யாருங்க படிப்பா?"

"ஒரு தெருவே படிக்குதுடி!"

"அப்போ அந்தத் தெருவுல ஏதோ கோளாறு."

வாசகர்களை நேரில் பார்க்கத் தலைவருக்கு ஆசை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மண்டபம் பிடித்து, இருநூறு நாற்காலி போட்டார்கள். வந்தவர்கள் இருவர்: மைக் செட்காரர், மண்டபக் காவலாளி. இருவரும் வேலை பார்க்க வந்தவர்கள்.

"உண்மையிலேயே குடுத்தீங்களா, இல்ல கட்டோட குப்பையில போட்டீங்களா?"

"சத்தியமாக் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க ஐயா!"

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அந்தத் தெருவுக்கே போறோம். படிச்ச ஆள் ஒருத்தரைக் காட்டுங்க. இல்லேன்னா ஆபீஸ் சாவியை மாப்பிள்ளை கையில குடுத்துடுங்க."

மறுநாள் பத்து மணிக்குத் தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லா ஜன்னலிலும் திரை. செயலாளரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. முதல் வீட்டுக் கதவை மெல்லத் தட்டினார். துவைத்த துணி வாளியோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர்... எங்க புத்தகத்தைப் படிச்சாரா?" கேள்வி கெஞ்சலாகவே வந்தது.

"தினமும் படிக்கிறாரே."

"கேட்டீங்களா ஐயா? தினமும்!" போன வேலை திரும்பி வந்த குதூகலத்தில் செயலாளர் குதிக்காத குறை. "மத்த வீடுங்கள்ல?"

"எல்லா வீட்டுலயும்தான்."

தலைவரின் முகம் மலர்ந்தது. துண்டைச் சரிசெய்துகொண்டு நடுத்தெருவுக்கு வந்தார். தொண்டையைச் செருமினார். கடைசி வீட்டுக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்:

"அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே...!"

வாளியைத் தொப்பென்று வைத்துவிட்டு அந்தப் பெண் ஓடி வந்தாள்.

"ஐயா, ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், கத்தாதீங்க! எல்லாரும் ராத்திரி ஷிப்டு முடிச்சு வந்தவங்க. மாத்திரை போட்டும் வராத தூக்கம், உங்க புஸ்தகத்துல மூணாம் பக்கம் போனாத்தான் வருது!"