அனுமானமும் செப்பு மனிதனும்

தன் அளவு நாடாவையே இன்னொரு நாடாவால் அளந்து பார்த்த தையல்காரர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருத்தணியில் மலைக்குப் போகிற வழியில் கடை வைத்திருந்தார். இரண்டு நாடாவும் ஒத்துப்போயின. அதனால் அவருக்கு இரண்டின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் என்ன என்று எனக்குத் தெரியாது. ஊரில் 'அனுமானம்' என்றுதான் சொல்வார்கள். தெலுங்கில் அனுமானம் என்றால் சந்தேகம். எங்கள் பக்கத்தில் பாதிப் பேச்சு தெலுங்கு என்பதால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. தெற்கேயிருந்து வருகிற பக்தர்கள் மட்டும் ஆஞ்சநேயர் பெயர் என்று நினைத்து அவரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். "இன்னாத்துக்குக் கும்புடறான்?" என்று அவர்கள் தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பார்.

சட்டைக்கு அளவெடுக்கும்போது, "மூச்சப் புடிச்சிகினு கீறீங்க, வுடுங்க" என்பார். விட்டால், "இப்ப வேணும்னே வுட்டுட்டீங்க" என்பார். அவர் தைத்த சட்டை ஒருவருக்கும் சரியாக இருந்ததில்லை. ஆனாலும் ஊரே அவர் கடையில்தான் உட்கார்ந்திருக்கும், நானும் உட்பட.

நான் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டணத்திலிருந்து ரயிலில் ஒரு வாரப்பத்திரிகை வரும். அதில் 'நாளைவாசி' என்பவர் எழுதிய தொடர்கதை ஊரைப் பைத்தியமாக்கிக்கொண்டிருந்தது. நூறு வருஷத்துக்குப் பிறகு ஒரு நகரம். அங்கே மனிதர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். இலையில் போடும் பருக்கையை எந்திரம் எண்ணும். சிரிப்பதற்கும் பர்மிட் வாங்க வேண்டும். பதினேழு என்ற பெண் பர்மிட் இல்லாமல் சிரித்துவிடுகிறாள். சர்க்கார் துரத்துகிறது.

அந்த நாளைவாசி நான்தான்.

சர்க்கார் உப்பைத் தின்றுகொண்டு சர்க்காரையே கேலி செய்து எழுதினால், அதுவும் யுத்தகாலத்தில், வேலை போகும். வேலையோடு ஆளும் உள்ளே போகலாம். என் சம்பளத்தை நம்பி ஆர்.கே.பேட்டையில் நான்கு பேர் இருந்தார்கள். ஆகவே வாயைத் திறக்கவில்லை. ஆனால் விதியைப் பாருங்கள், எழுத்துக் கூட்டாமல் படிப்பவன் நான் ஒருவன்தான் என்று, என் கதையை என்னையே கடையில் உரக்கப் படிக்கச் சொன்னார்கள்.

எழுத்தாளன் எவனுக்கும் அந்தத் தண்டனை வரக்கூடாது. "இவன் இன்னாத்த எழுதிகினு கீறான்? மூளைய அடகு வச்சிட்டானா?" என்பார் ரயில்வே பாயிண்ட்ஸ்மேன். நானும் "ஆமாங்க, மட்டமான ஆளு" என்று தலையாட்டுவேன்.

கதையில் பதினேழுக்குத் துணையாகச் செப்பு மனிதன் என்று ஒரு பாத்திரம் படைத்திருந்தேன். தாமிரத் தகட்டால் செய்த எந்திர ஆள், தங்கமான குணம். பட்டணத்து வாசகர்கள் அவனுக்காக உருகினார்கள். அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதம் என்று மயிலாப்பூர்ப் பெண் ஒருத்தி கடிதமே எழுதியிருந்தாள். எங்கள் கடையிலோ, முதல் வாரம் நான் அவன் பெயரைப் படித்த உடனே அனுமானம் மிஷினை நிறுத்தினார்.

"செப்பு மனுசனா? அப்ப அவன்தான் சர்க்கார்கிட்ட போய் சொல்றவன்!"

"ஆங், பேர்லயே கீதே!" என்றார் கம்பவுண்டர்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தெலுங்கில் செப்பு என்றால் சொல்லு. மதராஸ் ராஜதானி முழுக்கத் தாமிரம் என்று படித்ததை இவர்கள் கோள்சொல்லி என்று படித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த அப்பாவி என்ன செய்தாலும் குற்றம்தான். பதினேழுக்குத் தண்ணீர் கொடுத்தால், "தண்ணி குடுத்து வாயப் புடுங்குறான்." சும்மா நின்றால், "கேட்டுகினு நிக்கிறான்." "இவன நம்பாதம்மா!" என்று அனுமானம் பத்திரிகையைப் பார்த்துக் கத்துவார்.

நாலு வாரம் கேட்டுக் கேட்டு எனக்கே அவன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஐந்தாம் வாரம் எழுத உட்கார்ந்தபோது அவனை உளவாளியாக்கிவிட்டேன். அச்சில் வந்ததும் பட்டணம் அதிர்ந்தது. 'பிரமாதமான திருப்பம்' என்று ஆசிரியர் எழுதினார். திருத்தணியில் ஒருவரும் அதிரவில்லை. அனுமானம் மட்டும், "நாம சொன்னது அங்க எப்டி போவுது?" என்று கடைக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

கடைப்பேச்சைக் கதையில் சேர்ப்பதை அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். புத்தி வரவில்லை. கீலுக்கு விளக்கெண்ணெய் போட்டால்தான் அவன் நடப்பான் என்று ஒரு ஞாயிறு பாயிண்ட்ஸ்மேன் சொன்னார். மூன்று வாரத்தில் கதையில் விளக்கெண்ணெய் வழிந்தது.

இன்னொரு ஞாயிறு அச்சுக்கோர்ப்பவர் காலை வாரிவிட்டார். 'பதினேழு கதவைத் திறந்தாள்' என்று நான் படித்தேன். அனுமானம் எழுந்து வந்து தாளை எட்டிப் பார்த்தார்.

"இங்க 'தின்றாள்'னு இல்ல போட்ருக்குது? கதவத் தின்னாளாம். நீங்க எப்டி தொறந்தாள்னு படிக்கிறீங்க?"

"யாராவது கதவைத் தின்பார்களா?"

"அந்த ஊர்ல எத வேணா துன்னுவாங்க சார்" என்று சொல்லிவிட்டு, என் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதற்கடுத்த வாரம் நான் தனியாக இருந்தபோது காதருகே வந்தார். "உங்ககிட்ட மட்டும் சொல்றேன். அந்தச் செப்பு மனுசனுக்குப் புளின்னா பயம் சார். செப்புக் கொடத்தப் புளி போட்டுத் தேய்க்கிறாங்களே, அந்தப் பயம்."

இப்படி ஒரு கற்பனை எனக்குச் சாகும்வரை வராது. ஆசை வெட்கம் அறியுமா? எழுதி அனுப்பிவிட்டேன்.

அது அச்சாகி வந்த ஞாயிறு, 'புளியைக் கண்டதும் செப்பு மனிதன் கிடுகிடுவென நடுங்கினான்' என்று படித்தேன். கடையில் ஒரே சிரிப்பு. கம்பவுண்டர் மட்டும் முறைத்தார்.

"நைனா, நெருப்புன்னா பயம்னு இல்ல எங்கிட்ட சொன்ன?"

"எங்கிட்ட காந்தம்னியே!" என்றார் பாயிண்ட்ஸ்மேன். "ஆளுக்கு ஒண்ணா சொல்லிகினு இருந்தியா?"

அவர்களுக்கு அதற்கு மேல் ஓடவில்லை. எனக்கு ஓடியது: அச்சில் வந்திருப்பது எனக்கு மட்டும் சொன்னது. நிமிர்ந்தேன். அனுமானம் ஊசியில் நூல் கோர்த்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பயந்துபோனேன். ஊரில் எதையும் வாய்விட்டுச் சந்தேகப்படுகிற மனிதர் அவர். இதை மட்டும் எத்தனை நாள் வைத்துக்கொள்வார்? இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு, ஜிப்பா தைக்க வேண்டும் என்று ஒரு புது ஆள் வந்தார். மலைக்கு வந்தவராம். நெற்றியில் விபூதியும் இல்லை, தலையில் மொட்டையும் இல்லை. அனுமானம் நாடாவை எடுத்து, "கையத் தூக்குங்க" என்றார். வலது கை விறைப்பாக எழும்பி நேரே நெற்றிக்குப் போயிற்று.

"போலீசுங்களா?" என்றார் அனுமானம்.

அவர் வழிந்தபடி ஒப்புக்கொண்டு நோட்டை எடுத்தார். நாளைவாசியின் உறைகளில் திருத்தணி முத்திரை இருக்கிறதாம். "எழுதறவன் இந்த ஊர் ஆளு. யாருன்னு தெரியுமா? யார் மேலயாவது சந்தேகம் உண்டா?"

அனுமானத்தைப் பார்த்து இப்படி ஒரு கேள்வி! கரும்பு தின்னக் கூலியா வேண்டும்?

"கம்பவுண்டர் மேல அனுமானம் கீதுங்க. எழுதறது ஒருத்தருக்கும் புரியாது. டேசன் மாஸ்டர் மேலயும் கீது, எப்பப் பாத்தாலும் எதிர்காலத்தப் பத்தியே பேசுறாரு, வண்டி வரும் வரும்னு. கோயில் ஆனை என்னைப் பாத்தா தலையத் திருப்பிக்குது, எழுதிக்குங்க. என் மாமியார்..." ஆள் எழுதிக்கொண்டே போனார். பென்சில் முனை ஒடிந்தது. அனுமானம் சாக்கட்டியை நீட்டிவிட்டு, "உள்ளதச் சொல்லணும்னா, உங்க மேலயே எனக்கு அனுமானம்தான்" என்றார்.

ஆள் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பத்திரிகையும் கையுமாக மூலையில் உட்கார்ந்திருந்த என் மேல் அவர் பார்வை விழுந்தது.

"இவரு?"

நான் பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். அனுமானம் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"இவரு விசயத்துல எனக்கு அனுமானமே இல்லீங்க."

உலகத்தையே சந்தேகப்படுகிறவர் இப்படிச் சொன்ன பிறகு என்ன பேச்சு? ஆள் நோட்டை மூடிக்கொண்டு ரயிலேறிவிட்டார். அந்தப் பதிலுக்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்பது அந்தக் கடையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

எல்லோரும் போன பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை இழுத்துக்கொண்டு மிஷினில் உட்கார்ந்தார்.

"அத வுடுங்க சார். அந்தப் பொண்ணு, பதினேழு... அத மட்டும் சாவடிச்சிடாதீங்க. நெனச்சா எனக்குத் தூக்கம் வர்லே."

முடிவில் பதினேழு செத்தே ஆகவேண்டும், அப்போதுதான் கதை காலத்துக்கும் நிற்கும் என்று பட்டணத்திலிருந்து ஆசிரியர் மூன்று கடிதம் போட்டார். நான் கேட்கவில்லை. அவளுக்குப் புருஷன், பிள்ளைகள் எல்லாம் கொடுத்து, வாய்விட்டுச் சிரிக்க வைத்து முடித்தேன். கடைசி வாரத்தில் உருப்படாமல் போன கதை என்று இன்றைக்கும் விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும். அந்தக் கடைசி வாரம் நான் பத்திரிகைக்கு எழுதவில்லை, ஒரு தையல்காரர் நிம்மதியாகத் தூங்கட்டும் என்று எழுதினேன்.