செருப்புக்குப் பதினாலு வட்டம்

இதனால் சகல மானிடருக்கும் அறிவிப்பது யாதெனில்: பிறந்தது முதல் நீங்கள் சேர்த்த புண்ணியம் எவ்வளவு என்று இனிமேல் குழம்ப வேண்டாம். இடிந்த புத்த விகாரைக்குப் போய் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதும். படத்தில் உங்களைச் சுற்றி வெள்ளை வட்டங்கள் மிதக்கும். ஒரு வட்டம், ஒரு துறவியின் ஆசி. வட்டமே இல்லையென்றால் நீங்கள் பாவி. மறு விசாரணை உண்டு; கட்டணம் தனி.

ஊரே கிளம்பிவிட்டது. பழைய செங்கல் சுவர்களையும் கூரையற்ற மண்டபத்தையும் ஏறிட்டுப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. எல்லோரும் கடைசியில் இருந்த இருட்டறைக்கு வரிசை கட்டினார்கள். உள்ளே தலை உடைந்த புத்தர். அவருக்குச் சங்கடமாக இருக்கக் கூடாதென்று வந்தவர்களும் தங்கள் தலையைச் செருப்போடு சேர்த்து வாசலிலேயே விட்டுவிட்டு நுழைந்தார்கள். அரண்மனையே வேண்டாமென்று நடந்தவர், பாவம், இப்போது போட்டோவுக்குப் பின்னணி.

படம் எடுப்பவரை 'ஒளியண்ணா' என்றார்கள். முன்பு பாஸ்போர்ட் போட்டோ எடுத்தவர். அதில் யாருக்கும் ஒளி வந்ததாகத் தகவல் இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் அவருடைய மச்சான் அந்த இடத்தைச் 'சுத்தி' செய்வார். சிலருக்குத் துடைப்பம். சிலருக்கு வாளித் தண்ணீர். யாருக்கு எது என்பதை ஒளியண்ணா கண்ணாலேயே சொல்லிவிடுவார்.

ஓர் அச்சகத்தின் ஆட்கள் வேன் பிடித்து வந்தார்கள். முதலாளிக்கு முதல் படத்திலேயே நாலு வட்டம். மெஷின்காரருக்கு மூன்று படம் காலி. காசு கட்டி மூன்று பரிகாரம் முடித்ததும் நாலாவதில் ஒன்று வந்தது. பிழை திருத்தும் அக்காவுக்கு ஒன்றுமில்லை.

"பரிகாரம் பண்ணிக்கம்மா" என்றார் ஒளியண்ணா.

"ஒரு மூஞ்சிக்கு ஒரு போட்டோ போதும்" என்று அக்கா வேனில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் முதலாளி அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். அவர் தலைக்கு மேல் நாலு வட்டப் படம், சட்டம் போட்டுத் தொங்கியது.

"ஏம்மா, நாம கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவங்க. வட்டமில்லாத கை அதுல படலாமா? நீங்க பேப்பர் குடோனைப் பாத்துக்குங்க."

"பதினேழு வருஷமா இந்தக் கைதானே சார் திருத்துது?"

"அப்ப போட்டோ எடுக்கலையே!"

அந்த வாரமே ஒரு பத்திரிகை, அக்காவின் கை படாமல், மிகவும் மங்களகரமாக வெளியே போனது. மணமகன் இடத்தில் மணமகளின் அப்பா பெயர். ஐந்நூறு பிரதி. கல்யாண வீட்டார் கத்தித் தீர்த்துவிட்டுப் போனதும் முதலாளி ஆழ்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்.

"குடோன்ல இருந்தாலும் பாவம் காத்துல பரவுது. ஞாயித்துக்கிழமை மறுபடி போறோம். வட்டம் வரலேன்னா, கோவிச்சுக்காதீங்கம்மா, வேற இடம் பாத்துக்குங்க."

அக்காவுக்கு வேறு வேலை தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: மூலத்தையும் அச்சடித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே மாறுகிறது என்று விரல் வைத்துப் பார்ப்பது. முதலாளியின் படத்தில் ஒரு பிரதி வாங்கித் தன் படத்தோடு மேசையில் வைத்தார். புத்தர் ஒன்றே. சுவர் ஒன்றே. தரை? முதலாளி நின்ற தரை காய்ந்து வெளுத்திருந்தது. தன் காலடியில் ஈரம் மின்னியது. மெஷின்காரரின் படங்களையும் வாங்கிப் பரப்பினார். காலியான மூன்றிலும் ஈரம். வட்டம் வந்ததில் காய்ந்த தரை. சிவப்புப் பேனாவால் தரையைச் சுழித்தார்.

ஞாயிற்றுக்கிழமை. ஒளியண்ணா கண்ணைக் காட்ட, மச்சான் வாளியைத் தூக்கினார்.

"வாளியைக் கீழ வைங்க தம்பி. எனக்குத் துடைப்பம்."

ஒளியண்ணா பதறினார். "அதெல்லாம் புண்ணியவான்களுக்கு! துறவிங்க கோவிச்சுக்குவாங்க!"

"கோவத்தை விட்டாத்தானே துறவி?"

அக்கா துடைப்பத்தைப் பிடுங்கி அறையை விளாசிப் பெருக்கினார். வரிசை முழுவதும் இருமியது. வாசலில் கிடந்த முதலாளியின் செருப்பைக் கொண்டுவந்து, புத்தரைவிட்டுத் தள்ளி ஒரு மூலையில் வைத்தார்.

"அண்ணே, உங்க போன்லயே எடுங்க. பிளாஷ் போட்டு."

மெஷின்காரர் எடுத்தார். பிறகு அக்கா தண்ணீர் தெளித்து, இருமல் அடங்கும்வரை காத்திருந்து, முதலாளியை நிறுத்தி இன்னொன்று எடுக்கச் சொன்னார். போன் கைக்குக் கை மாறியது.

"சார், உங்களுக்கு சைபர். உங்க செருப்புக்குப் பதினாலு."

"அப்ப அடுத்த பத்திரிகைக்குச் செருப்பையே பிழை பாக்கச் சொல்லலாமா சார்?" என்று மெஷின்காரர் பணிவோடு கேட்டார்.

"அந்தச் செருப்பு போன பிறவியில..." என்று ஒளியண்ணா ஆரம்பித்தார். சிரிப்பில் மீதி கேட்கவில்லை. மச்சானின் குரல்தான் கேட்டது.

"நான் அப்பவே சொன்னேன் மாமா, படத்துல காலடில ஈரம் தெரியுதுன்னு."

திங்கட்கிழமை அக்கா பழைய நாற்காலியில் உட்கார்ந்து, மணமகளின் அப்பாவை அவருக்குரிய இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். முதலாளியின் சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

நீங்களும் அடுத்த முறை யாராவது அற்புதம் காட்டினால் கொஞ்சம் தரையைப் பாருங்கள். புத்தருக்குத் தலை உடைந்துபோயிற்று. உங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது.

படத்தில் வட்டமாக மிதந்தது பிளாஷ் பட்ட தூசி.