கஞ்சி கசிந்த குழாய்

பொறாமை எனக்குப் பசி மாதிரி. வேளை தவறாமல் வந்துவிடும். அடுத்த வீட்டுக்காரனுக்குத் தலைவலி என்றால்கூட, அவனுக்கு மட்டும் ஏன் வந்தது என்று தோன்றும். (என் மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.) ஆனாலும் ஜப்பான்காரர்கள் மலாயாவை ஆண்ட காலத்தில் மலாக்காவின் காஜா பெராங்கில் நான் பட்ட பொறாமைக்கு முன்னால் மற்றதெல்லாம் சும்மா.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பைப் ஃபிட்டர். ஜப்பான்காரர்கள் காஜா பெராங் சாலையில் ஒரு பங்களாவைப் பிடித்து, அதன் பின்னறையில் கம்பியில்லாத் தந்திக் கருவிகளையும் அவற்றுக்கு மின்சாரம் கொடுக்க ஒரு டீசல் எஞ்சினையும் வைத்திருந்தார்கள். எஞ்சின் ஓடினால் அறையில் நிற்க முடியாது, அவ்வளவு சூடு. அதைத் தணிக்க, வெளியே உள்ள தொட்டியிலிருந்து குளிர்ந்த தண்ணீரைக் கொண்டுபோக ஒரு குழாய், சூடான தண்ணீரைத் திருப்பிக் கொண்டுவர இன்னொரு குழாய். அறையின் இரு பக்கச் சுவர் ஓரமும் ஒவ்வொன்றாக ஓடும். ஒன்றைப் போட்டவன் நான். மற்றதைப் போட்டவன் மாசிலாமணி.

மாசிலாமணி செமாபோக்கிலிருந்து சைக்கிளில் வருவான். டயர் கிடைக்காத காலம். நாங்களெல்லாம் நடந்தோம். அவன் மட்டும் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் ரப்பர் குழாயை வெட்டிச் சக்கரத்தில் மாட்டிக்கொண்டு ஜம்மென்று வந்து இறங்குவான். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. (சோறும் இல்லை என்பது வேறு விஷயம்.) குழாய் மூட்டுகளில் கசியாமல் சுற்றச் சணல் இல்லையே என்று நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அவன் தேங்காய் நாரை ரப்பர் பாலில் ஊறவைத்துக் கொண்டுவந்தான். சரி, அவனே வைத்துக்கொள்ளட்டும் என்றால், பாதியை எனக்கும் கொடுத்தான்! எரியுமா எரியாதா?

இதைவிடக் கொடுமை என் தங்கை லெட்சுமி. மத்தியானம் எனக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கும், ஒரு பாட்டிலில் மரவள்ளி மாவுக் கஞ்சியும் கொண்டுவருவாள். ஒரு நாள் மாசிலாமணி பக்கம் பார்த்துக்கொண்டே, "அண்ணே, அவங்களுக்கும் ஒரு துண்டு குடுங்களேன்" என்றாள். எந்தத் துண்டு என்று விரலால் வேறு காட்டினாள். இருந்ததிலேயே பெரிய துண்டு.

வேலை முடிகிற நாளில், மேற்பார்வை பார்த்த ஜப்பான்காரர் (கண்ணாடிக்காரர் என்பது நாங்கள் வைத்த பெயர்) எங்கள் இருவரையும் நிறுத்தி, அரைகுறை மலாயில் சொன்னார்: "சத்து ஓராங் சினி. சத்து ஓராங் சயாம்."

ஒருவன் இங்கே, ஒருவன் சயாம் ரயில் பாதைக்கு. சயாமுக்குப் போனவர்களைப் பற்றி எந்த வீட்டுக்கும் நல்ல சேதி வந்ததில்லை. மறுநாள் கசிவுச் சோதனை. அதில் யார் குழாய் தேறுகிறதோ அவனுக்குத்தான் இங்கே வேலை. சொல்லிவிட்டு மாசிலாமணியின் தோளில் மட்டும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். என் தோள் பக்கத்திலேயேதான் இருந்தது.

சோதனை இப்படி: குழாயின் முனையை அடைத்து, தண்ணீர் நிரப்பி, கைப் பம்பால் அழுத்தம் ஏற்றி, ஒரு மணி நேரம் அப்படியே விடுவது. ஒவ்வொரு மூட்டிலும் பழைய செய்தித்தாளைச் சுற்றிவைப்போம். துளி கசிந்தாலும் தாள் நனைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு குழாய்க்கு ஐந்து மூட்டு. பம்பு அடித்து முடித்ததும் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

சயாமுக்குப் பயந்து செய்தேன் என்று சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். பொய். தோளில் தட்டிய அந்தக் கைதான் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. முன்வாசலில் துப்பாக்கிக் காவல்; தண்ணீர்த் தொட்டியும் அந்தப் பக்கம்தான். அதனால் கஞ்சிப் பாட்டிலோடு பின்கதவு வழியாக நுழைந்தேன். மாசிலாமணியின் குழாய் இடதுபக்கம். இடதுபக்கத்து ஐந்து தாளிலும் கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். கடைசி மூட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. 'இந்த லட்சணத்துக்கா இவ்வளவு பேரு!' என்று மனசாரத் திட்டிவிட்டு வந்தேன்.

சாப்பாடு முடிந்து, கண்ணாடிக்காரரோடு முன்வாசல் வழியாக உள்ளே போனோம். இடதுபக்கம் மாசிலாமணியின் தாள்கள் காய்ந்தபடியே இருந்தன. வலதுபக்கம், என் குழாயில், ஐந்தும் ஈரம்! பின்கதவால் நுழைந்தவனுக்கு இடது வலதாகிவிடும் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. (ஆக, திட்டியதும் என் மூட்டைத்தான். தன் கைவேலையைத் தானே அடையாளம் தெரியாத ஃபிட்டர் மலாயாவிலேயே நான் ஒருவன்தான்.)

"பாக்கேரோ!" என்று தன் பாஷையில் திட்டிக் கத்தினார் கண்ணாடிக்காரர். என்னைச் சுட்டி, "சயாம்!" என்றார்.

அது என் குழாய்த் தண்ணீர் இல்லை என்று சொல்லலாம். பிறகு எந்தத் தண்ணீர் என்று கேட்பாரே!

மாசிலாமணிதான் குறுக்கே வந்தான். என் குழாயின் அழுத்த மீட்டரைக் காட்டி, "துவான், முள் இறங்கவே இல்ல" என்று மலாயில் சொன்னான். ஐந்து மூட்டும் கசிந்திருந்தால் முள் விழுந்திருக்க வேண்டும். அது நிறுத்திய இடத்திலேயே நின்றது. மீட்டர் என்று ஒன்று இருப்பதே பொறாமையில் எனக்கு மறந்துபோயிருந்தது. பிறகு அவன் ஒரு தாளை உரித்தான். ஓரமெல்லாம் காய்ந்து, சலவை வேட்டி மாதிரி விறைத்து நின்றது. மோந்து பார்த்தான். என் கையிலிருந்த காலிப் பாட்டிலைப் பார்த்தான்.

"ஏன்டா கோவிந்து," என்றான் மெதுவாக, "உன் பைப்பு கஞ்சியா குடிக்குது?"

கண்ணாடிக்காரரும் தாளை வாங்கி மோந்து பார்த்தார். எனக்கு விழுந்தது ஒரே அறைதான். ஆனால் அந்த ஒன்றிலேயே மலாக்கா முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பிறகு மீட்டரைப் பார்த்தார். கசியாத குழாய் போடுகிறவனை விட அவருக்கு மனசில்லை போலிருக்கிறது. இருவரும் இங்கேயே இருக்கலாம் என்றார். மாசிலாமணி தலைமை ஃபிட்டர். நான் அவனுக்குக் கையாள். தினமும் பத்து மூட்டிலும் தாள் சுற்றிப் பார்ப்பது என் வேலை. எஞ்சின் அறைக்குள் பாட்டில் கொண்டுவர எனக்கு மட்டும் தடை. ஜப்பான்காரர்கள் போகிறவரை இதுதான் என் பிழைப்பு.

சண்டை ஓய்ந்ததும் லெட்சுமிக்கும் மாசிலாமணிக்கும் கல்யாணம் ஆயிற்று. பந்தி முடிந்து வெற்றிலை போடும்போது கேட்டே விட்டேன். "மாப்பிள்ளை, அன்னிக்கு ஏன் மீட்டரைக் காட்டினீங்க? பேசாம இருந்திருந்தா நான் போயிருப்பேன். உங்களுக்குப் போட்டியே இல்ல."

"நீங்க சயாமுக்குப் போயிட்டா, மச்சான், லெட்சுமி யாருக்குக் கிழங்கு எடுத்துக்கிட்டு வரும்?" என்றார்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனசு எனக்கு ஏன் இல்லை என்று அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

அவர்கள் வீட்டில் எந்தக் குழந்தை பாயை நனைத்தாலும் இன்றைக்கும் முதல் கேள்வி, "மாமா இந்தப் பக்கம் வந்தாங்களா?" என்பதுதான். போன வாரம் அவர்கள் பேரன் என் மடியையே நனைத்துவிட்டான். வீடே என்னைப் பார்த்தது. லெட்சுமி வந்தாள், குனிந்து என் வேட்டியை மோந்து பார்த்தாள்.

"இது கஞ்சி இல்ல," என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "இந்தத் தடவை அண்ணன் மேல தப்பில்ல."