மொட்டைத் தலைக்கு ஒரு தொன்னைப் பொங்கல்

அன்றைக்கும் வீரபத்திரன் உள்ளங்கையெல்லாம் நெய் வழிய வாசலில் வந்து நின்றான். கன்னியம்மாள் அவன் கையை இழுத்து மோந்து பார்த்தாள்.

“மறுபடியும் பொங்கலா? நெய்யும் உப்பும் நெஞ்சுக்கு ஆவாதுன்னு டாக்டர் சொன்னாரா இல்லியா?”

“நான் துன்னலைங்க.”

“துன்னதும் மறந்து போச்சா? ஐயோ, என் தலையெழுத்தே!”

கனகம்மாசத்திரத்தில் பஸ் மேல் நூல் மூட்டை ஏற்றும்போது சறுக்கி விழுந்து அவள் புருஷனுக்கு மண்டை உடைந்தது. பிழைத்ததே பெரிசு. நினைப்பு மட்டும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. போதாததற்கு இதயமும் பலவீனமாம். அவனோடு சேர்ந்து அவளும் உப்பில்லாக் கஞ்சிதான் குடித்தாள்.

ஒரே ஒரு லாபம். முன்பு ‘ஏய்’ என்று அதட்டியவன் இப்போது வாய்க்கு வாய் ‘ங்க’ போட்டான். “அடிபட்டப்புறம்தான் மரியாதை வந்துகிது” என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். உள்ளே வந்து அழுவாள்.

வம்பெல்லாம் தையல் போடுவதற்காகச் சிரைத்த தலையால் வந்தது. திருத்தணியில் மொட்டைத் தலையைப் பார்த்தால் சும்மா விடுவார்களா? முருகனுக்கு முடி கொடுத்த புண்ணியவான் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொன்னையைத் திணித்தார்கள்.

தலையில் துண்டு கட்டி அனுப்பினாள். சந்தனம் கலையாமல் கட்டியிருக்கிறார், என்ன பக்தி என்று இன்னொரு கரண்டி விழுந்தது. கூடவே போனாள். “ஜோடியா வந்துகிறீங்க!” என்று இரண்டு தொன்னை. கடைசியில் மானத்தை விட்டு, நடுத்தெருவில் நின்று, “இவரு நெஞ்சு நோவுக்காரருங்க, குடுக்காதீங்க!” என்று கத்தினாள். கேட்டவர்கள் உருகிப்போனார்கள். அவன் பிழைக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டு, மறுநாளே ஒரு அண்டா பொங்கல் ஏற்றிவிட்டார்கள், பாவிகள்!

கன்னியம்மாள் மூச்சிரைக்க மலைப்படி ஏறினாள். மேலே பொங்கல் போட்டுக்கொண்டிருந்த ரத்தினம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, உங்க கால்ல வேணா விழறேன். அந்தத் தையல் போட்ட மொட்டைக்கு மட்டும் குடுக்காதீங்க. அந்த மனுசன் உசுரு போயிட்டா எனக்கு வேற யாருமில்ல.”

ரத்தினம்மாள் கரண்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள்.

“அவர வூட்ல வெச்சி கஞ்சி ஊத்தற நல்ல அம்மா நீதானா? அவரு எங்கம்மா துன்றாரு? ‘என் பொண்டாட்டியக் காணோம், அவளுக்குப் பொங்கல்னா உசுரு’ன்னு தொன்னையும் கையுமா மலையெல்லாம் தேடிகினு கிறாரு, கன்னியம்மாளாம், உனக்கு அவளத் தெரியுமா?”