கேப்டனுக்கு ஒரு கையெழுத்து

பர் துபாயில் காரை எடுப்பதற்கு முன் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, நான்கு சக்கரத்தையும் தடவிப் பார்த்து, பெட்ரோல் மூடியை முகர்ந்தும் பார்க்கும் ஒரே மனிதர் எங்கள் ரூம் கேப்டன்தான். வளைகுடா முழுக்கச் சல்லடை போட்டாலும் இன்னொருவர் கிடைக்கமாட்டார் என்று அடித்துச் சொல்வேன்.

பக்கத்து சீட்டுக்காரனுக்கும் வேலை உண்டு. கேப்டன் ஒரு அட்டையைப் பார்த்து வாசிப்பார். நான் பதில் சொல்ல வேண்டும்.

“பெல்ட்டு?”

“போட்டாச்சு.”

“கதவு?”

“மூடியாச்சு.”

“பெட்ரோலு?”

“அண்ணே, மீனா பஜாருக்குக் காய்கறி வாங்கப் போறோம். நடந்திருந்தா இந்நேரம் திரும்பியிருக்கலாம்!”

“இடையில பேசுனா மொதல்லேருந்து வாசிக்கணும். பெல்ட்டு?”

தொழிலில் அவர் ஏ.சி. பராமரிப்பு சூப்பர்வைசர். ஊர் நாகர்கோவில் பக்கம். துபாய்க்கு வருமுன் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் செலவழித்து, சின்ன விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸ் வாங்கிவிட்டார். அந்த லைசென்ஸ் அட்டைக்குக் காலாவதி கிடையாது. ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அமெரிக்க லைசென்ஸ் உள்ள பயிற்சியாளரோடு ஒரு மணி நேரம் பேசி, ஒரு மணி நேரம் பறந்து, கையெழுத்து வாங்க வேண்டும். வாங்காவிட்டால் ஓட்டக் கூடாது. பன்னிரண்டு வருஷமாக ஒரு தவணைகூடத் தவறவிடாதவர் கேப்டன்.

போன தவணை நெருங்கியபோது நான் ஒரு யோசனை சொன்னேன். விசாவோ வாடகைப் பத்திரமோ, இங்கே எதுவானாலும் டைப்பிங் சென்டரில் கொடுத்தால் முடிந்துவிடும். இதை மட்டும் ஏன் விட வேண்டும்? கேப்டனை இழுத்துக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த மலையாளி லைசென்ஸ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சேட்டா, இதில் ஸ்பான்சர் பேரு எவிடே?”

“இதுக்கு ஸ்பான்சரே கிடையாது!” என்றார் கேப்டன். ஸ்பான்சர் பேரில்லாத காகிதத்தையும் அப்படி ஒரு கர்வத்தையும் அந்தக் கடை பார்த்திருக்காது.

அங்கே ஆகாது என்று நாங்களே தேடினோம். விமானம் கிடைத்தால் பயிற்சியாளர் இல்லை. பயிற்சியாளர் கிடைத்தால் விமானம் பழுதுபார்க்கப் போயிருக்கும். கடைசியில், அமெரிக்க லைசென்ஸ் வைத்திருந்த ஒரு லாகூர்க்காரர் தோஹாவிலிருந்து சனிக்கிழமை ஒருநாள் மட்டும் வருவதாகச் சொன்னார். திங்கள்கிழமையோடு மாதம் முடிகிறது, தவணையும்தான். கேப்டன் ஒரு மாதம் சமையலறையில் நின்று, கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு ஆங்கிலத்தில் பேச வேண்டிய ரேடியோ பேச்சை மனப்பாடம் செய்தார். ரூமில் எவரும் குறுக்கே பேசக் கூடாது. குக்கர் மட்டும் விசில் அடிக்கலாம்.

துணைக்கு என்னையும் பின்சீட்டில் ஏற்றச் சம்மதம் வாங்கியிருந்தார். சனிக்கிழமை, விமானத்தின் பக்கத்தில் நின்று பென்சிலால் எடைக் கணக்குப் போட்டார்.

“வெயிட்டு எவ்வளவுடே?”

“எழுபத்திரண்டு.”

அவர் என் வயிற்றைப் பார்த்தார். “பெண்ணு பாக்கவா வந்திருக்கோம்? உள்ளதச் சொல்லு மக்கா. வண்டி தூக்கணும்லா.”

“எண்பத்தாறு.”

“எண்பத்தாறு!” என்று ஓடுபாதை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டு, கணக்கை அழித்துப் புதிதாகப் போட்டார். லாகூர்க்காரர் வாய்க்குள் சிரித்தார்.

மேலே போனதும் எனக்குப் பயமே இல்லை. அவ்வளவு அழகாக ஓட்டினார். கீழே கடல் மினுங்கியது. இறங்கும் நேரம் வந்தது. ‘இறங்க அனுமதி’ என்று கோபுரத்திலிருந்து ரேடியோவில் குரல் வந்தது. அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கேப்டன் பொத்தானை அழுத்தினார். நாள் முழுக்க வாக்கி டாக்கியில் இந்தியும் அரபியும் கலந்து ஏ.சி. பையன்களை மேய்க்கிற வாய் முந்திக்கொண்டது.

“அச்சா பாய்! கலாஸ்! அபி ஆத்தா ஹூன், யல்லா!”

‘சரி பாய், முடிஞ்சுது, இதோ வர்றேன், கிளம்பு!’ என்று கோபுரத்துக்கே உத்தரவு. லாகூர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் ஒரு ‘யல்லா’வில் போய்விடும் போலிருந்தது. கேப்டன் சட்டென்று ஆங்கிலத்தில் திருத்திச் சொல்லி, பூப்போல இறக்கினார்.

“லேண்டிங் பஹுத் அச்சா,” என்றார் லாகூர்க்காரர். “ரேடியோ மட்டும் சரியில்ல பாய். இன்னொரு சுற்று.”

இன்னொரு சுற்றுப் போனோம். இந்த முறை ஒவ்வொரு வார்த்தையும் அச்சடித்ததுபோல் வந்தது. இறங்கியதும் இறக்கையின் மேலேயே கேப்டனின் பறப்புக் கணக்குப் புத்தகத்தை விரித்து லாகூர்க்காரர் கையெழுத்துப் போட்டார். கேப்டன் அந்த மை காயும்வரை விசிறிக்கொண்டே நின்றார்.

“அண்ணே, இனி எப்போ பறப்பீங்க?”

“எங்க பறக்க? லீவு ஏது, வண்டி ஏது? அடுத்த கையெழுத்துக்குத்தான்.”

“பின்னே எதுக்கு இந்தப் பாடு?”

“பறக்கணும்னு தோணுனா பறக்கலாம்லா? அது போதும் மக்கா.”

நான் புத்தகத்தை வாங்கி, மை காய நானும் கொஞ்சம் விசிறினேன்.

இப்போது அவரைச் சவுதியில் அல் கோபாருக்கு மாற்றிவிட்டார்கள். அடுத்த கையெழுத்துக்கு எட்டு மாதம் இருக்கிறது. எந்த ஊரில் விமானம் கிடைத்தாலும் சரி, லீவு போட்டுவிட்டுப் பின்சீட்டில் போய் உட்கார்ந்துவிடுவேன். அவரைத் தனியாக மேலே அனுப்ப எனக்கு மனசு வராது.