ஒன்றுமில்லை என்று கண்டுபிடித்தவர்

கெட்டுப்போனதைச் சரிசெய்கிறவர்களை உலகம் நிறையப் பார்த்திருக்கிறது. கெடவே கெடாத ஒன்றைச் சரிசெய்து, அதன்பிறகும் அது கெடாமல் இருப்பதைத் தன் சாதனையாகச் சொல்லிக்கொண்ட ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, அஞ்சு பர்சென்ட்தான்.

பெயரைக் கேட்டதும் ஏதோ நிலத் தரகர் என்று நினைத்தீர்களானால் அது உங்கள் அனுபவத்தைக் காட்டுகிறது. இவர் கை சுத்தம். மூளையில்தான் கொஞ்சம் தூசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்த எங்கள் அலுவலகத்தில் அவர் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டார். இயந்திரங்களுக்குக் கையேடு எழுதித் தரும் சின்ன கம்பெனி அது. நான் அங்கே எழுத்தாளன். தமிழ் இலக்கியத்தில் முதுகலைப் பட்டம் வாங்கிவிட்டு, ‘ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்’ என்ற வாக்கியத்தை விதவிதமாக எழுதிக்கொண்டிருந்தேன். என் எழுத்தில் அதிகம் அச்சானது அதுதான். படித்தவர்கள் யாரும் இல்லை, தொட்டவர்கள் உண்டு.

நாங்கள் எழுதுவதெல்லாம் அவர் மேஜைக்கு அடியில் இருந்த ஒரு சர்வரில் போய்ச் சேரும். அதன் டிஸ்க்கில் எந்த ஃபைலை எங்கே வைப்பது, எவ்வளவு இடம் விடுவது, எப்போது சோதிப்பது என்பதற்கெல்லாம் சில செட்டிங்ஸ் உண்டு. சராசரி மனிதர்கள் அதை டிஸ்க் வாங்கிய அன்று ஒருமுறை போட்டுவிட்டுப் பிள்ளைகுட்டிகளைக் கவனிக்கப் போய்விடுவார்கள். இவர் தினமும் மாற்றினார். அழித்துவிட்டுப் புதிதாகப் போடுகிறவர்களைக் கண்டால் அவருக்கு இளப்பம்.

“ஃபார்மட் பண்றது எவன் வேணா பண்ணுவான் சார். ஊட்டை இடிச்சிட்டு ஊடு கட்றதுல இன்னா கீது? உள்ள ஆளுங்க குந்தினு இருக்கசொல்லவே, அவங்களுக்குத் தெரியாம ஜன்னலை மாத்தணும்.”

உள்ளே குந்தியிருந்தவர்கள் நாங்கள். ஜன்னல் மாறியது எங்களுக்கு நன்றாகவே தெரிந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் டிஸ்க்கில் இடமில்லை என்று திரையில் வந்தது. அவரிடம் போய்ச் சொன்னேன்.

“இடம் கீது சார். நூத்துக்கு அஞ்சு பர்சென்ட் கீது.”

“அப்ப அதுல சேவ் பண்ணிக்கலாமா?”

“கூடாது. அது ஒதுக்கி வெச்சது.”

“யாருக்கு?”

“ஆபத்துக்கு.”

“இப்ப ஆபத்துதானே?”

“இது உனக்கு ஆபத்து சார். நான் சொல்றது சர்வருக்கு ஆபத்து.”

ஒரு கிரைண்டர் கையேட்டையும் இரண்டு பம்பு கையேடுகளையும் அழித்து இடம் தேடிக்கொண்டேன். இலக்கியத்துக்கு இழப்பில்லை. அன்று முதல் அவருக்கு அந்தப் பெயர் நிலைத்தது. அவரும் அதை ஒரு பட்டம்போல ஏற்றுக்கொண்டார். சம்பள நாளில் கணக்குப்பிள்ளையே ‘பர்சென்ட்’ என்றுதான் கூப்பிடுவார்.

சர்வரோடு இது நின்றிருந்தால் மன்னித்திருக்கலாம். மனிதரின் முழு வாழ்க்கையும் அந்த செட்டிங்கில்தான் ஓடியது. சாப்பாட்டு டப்பாவில் கடைசி இட்லியைத் தொடமாட்டார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வண்டி நின்றுபோனால் யார் சோறு போடுவார்கள் என்பார். அவர் வீடு சென்னீர்குப்பத்தில். வழியெங்கும் பிரியாணிக் கடை. ஸ்கூட்டரை இத்தனை தடவை எடுத்தாயிற்று என்று கணக்கு வைத்து, நடு ரோடாக இருந்தாலும் ஓரங்கட்டி, எல்லா நட்டையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். ஒருநாள் அவர் பின்னால் உட்கார்ந்து ஆவடிக்குப் போன நான், சாலை ஓரத்தில் அந்தச் சடங்கு முடியும்வரை ஹெல்மெட்டோடு நின்றேன். கடைசியில் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “ஒண்ணும் இல்ல சார்” என்றார், புதையல் கிடைத்த முகத்தோடு.

தினமும் காலை பதினோரு மணிக்கு வீட்டில் மனைவிக்கு ஒரு போன். உரையாடல் முழுவதையும் இங்கே தருகிறேன்.

“ஊட்ல எல்லாம் சரியா கீதா?”

“சரியா கீது.”

வைத்துவிடுவார். அந்த அம்மாள் ஒருநாளாவது ‘சரியா இல்ல’ என்று சொல்லிப் பார்க்கக் கூடாதா என்று நான் ஏங்கியிருக்கிறேன்.

இப்போது சோதனைக்கு வருகிறேன். சர்வரை இத்தனை தடவை அணைத்து ஏற்றினால், அடுத்த தடவை அது தன் டிஸ்க்கை முழுக்கச் சோதித்துக்கொண்டுதான் வேலைக்கு வரவேண்டும் என்று ஒரு செட்டிங் உண்டு. ‘இத்தனை’ என்பதற்கு மற்றவர்கள் பெரிய எண்ணாகப் போடுவார்கள். அல்லது சோதனையே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள். எங்கள் ஆள் குறைத்துக் குறைத்து ஒன்றில் கொண்டுவந்து நிறுத்தினார். எஸ்டேட்டில் கரண்ட் போவதற்குக் காரணம் தேவையில்லை. பழைய யூபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். ஒவ்வொரு தடவை போய்வந்தபோதும் சர்வர் சாவகாசமாகத் தன்னைத் தடவிப் பார்த்துக்கொள்ளும். நாங்கள் டீக்கடையில் நிற்போம். அந்த நாட்களில் அலுவலகத்தில் உற்பத்தியான ஒரே பொருள் ஏப்பம்.

முதலாளி ஐயப்பன்தாங்கலில் ஃபிளாட் வாங்கிக் குடியேறிய திருநெல்வேலிக்காரர். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கூப்பிட்டார். “ஏய்யா, நான் ஆபீஸ் நடத்துதேனா, ஆஸ்பத்திரி நடத்துதேனா? தினமும் என்ன செக்கப்? அந்த செட்டிங்கை எடு.”

பர்சென்ட் முகம் சுருங்கியது. ஆனாலும் எடுத்தார். சில மாதங்கள் நிம்மதியாக வேலை செய்தோம். ஆயுத பூஜை வந்தது.

அந்த வருஷம் அது சாதாரண பூஜை இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு புதுத் தொழிற்சாலை தன் முதல் இயந்திரத்தை விஜயதசமி காலை பத்தரைக்குள் பூஜை போட்டு விற்பனைக்கு விடுவதாக இருந்தது. கையேட்டோடுதான் கொடுப்பார்களாம். கையேடு எங்களுடையது. கம்பெனிக்கு அப்போது வேறு ஆர்டர் இல்லை. “இதைச் சரியா குடுத்தா மூணு வருஷ வேலை நம்மகிட்ட. இல்லைன்னா சாவியைக் கட்டடக்காரர்கிட்ட குடுத்திர வேண்டியதுதான்” என்று முதலாளி எல்லாரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்.

கடைசித் திருத்தம் பூஜையன்று காலையில்தான் வந்தது. போட்டு முடித்தேன். அச்சுக் கடைக்கும் அன்று பூஜை. மறுநாள் காலை எட்டுக்குத்தான் திறப்பான். சரி, பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று திரும்பினால் என் கீபோர்டைக் காணோம். சரஸ்வதி படத்துக்கு முன்னால் சந்தனப் பொட்டோடு இருந்தது. பென் டிரைவுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

“ஒரே நிமிஷம், எடுத்துட்டு வெச்சிடறேன்” என்றேன்.

“பொட்டு வெச்சதைத் தொடக் கூடாதுய்யா. நாளைக்கு எடுத்துக்கிடலாம்” என்றார் முதலாளி. வீட்டில் அவர் மனைவிக்குப் பயப்படுவதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கலைமகளுக்குப் பயப்படுவார்.

பர்சென்ட் சர்வருக்கு மாலை போட்டு, அணைத்து, ஓய்வு கொடுத்தார். யூபிஎஸ்ஸும் ஆயுதம்தானே என்று அதன் பிளக்கையும் பிடுங்கி ஓய்வு கொடுத்தார். வயதான அதன் பேட்டரி அந்த ஓய்வை நிரந்தரமாக எடுத்துக்கொண்டது. அணைப்பதற்கு முன் அவர் செய்த இன்னொரு காரியம் மறுநாள்தான் தெரிந்தது.

விஜயதசமி காலை எட்டு மணி. கற்பூரம் காட்டி சர்வரை ஏற்றினார். திரையில் அந்தப் பழைய சோதனை ஓடத் தொடங்கியது.

“என்னய்யா இது? இதை எடுத்தாச்சுல்ல?”

“எடுத்தது எடுத்ததுதான் சார். நேத்து பூஜைக்காகத் திரும்ப வெச்சேன். வருஷத்துக்கு ஒருதபா கண்ணு முழிக்கிறசொல்ல, தன்னைத் தானே பாத்துக்கட்டும்னு.”

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து திரையில் ஏறும் சதவீதத்தைப் பார்த்தார். அறுபது. எழுபது. எழுபத்தைந்தில் நான் லேசாக மூச்சு விட்டேன்.

நல்ல நேரம் என்பது எங்களுக்கு மட்டும் உரியதல்லவே. கீழே லேத் பட்டறையிலும், எதிரே பிளாஸ்டிக் கம்பெனியிலும், தெரு முழுக்க இருந்த எல்லாப் பட்டறைகளிலும் பூசணிக்காய் உடைத்து, ஒரே முகூர்த்தத்தில் எல்லா இயந்திரங்களையும் ஓடவிட்டார்கள். டமாரென்று ஒரு சத்தம். எஸ்டேட்டே அமைதியானது. யூபிஎஸ் மாலையோடு சும்மா இருந்தது.

கரண்ட் வந்ததும் சோதனை பூஜ்யத்திலிருந்து தொடங்கியது.

“இதை நிறுத்த முடியாதா?” முதலாளியின் குரல் மிகவும் மெதுவாக இருந்தது.

“முடியும் சார். ஒரு பட்டனு.”

“நிறுத்து.”

“நடுவுல கரண்ட் போயிருக்கு சார். இப்பதான் கண்டிப்பா பாக்கணும்.”

“நிறுத்தப் போறியா இல்லையா?”

பர்சென்ட் கீபோர்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அவரை நான் அதுவரை முட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். பிடிவாதமான முட்டாள் என்பது அன்றுதான் தெரிந்தது. சந்தனம் சட்டையில் ஒட்டியது.

பத்தேகாலுக்கு நூறு வந்தது. ஒரு பிழையும் இல்லை என்றது திரை. நான் ஃபைலை எடுத்துக்கொண்டு அச்சுக் கடைக்கு ஓடினேன். கையேடு தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்து, சுண்டலும் முடிந்திருந்தது. அவர்கள் முகம் சுளித்தாலும் வாங்கிக்கொண்டார்கள். ஆர்டர் பிழைத்தது. மூன்று வருஷ வேலை ஒரு வருஷமாகச் சுருங்கியது.

நான் திரும்பி வந்தபோது முதலாளி பேசிக்கொண்டிருந்தார். “இவ்வளவு நேரம் பாத்தியே, என்னய்யா கண்டுபிடிச்ச?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“அதுக்கா இந்தப் பாடு?”

“ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுது இல்ல சார்.”

“நாளைலேருந்து வராதே.”

பர்சென்ட் தலையாட்டினார். சர்வர் முன்னால் உட்கார்ந்து ஏதோ தட்டினார். பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“அந்த அஞ்சு பர்சென்ட்டையும் தொறந்து உட்டுட்டேன் சார். எழுதிக்கோ. சோதனையையும் எடுத்துட்டேன். பதில் கேக்க ஆளு இல்லாதப்ப, அது யாராண்ட போய் சொல்லும்?”

அவர் போனபிறகு சர்வர் பழுதாகி, எல்லாம் அழிந்து, அவர் அருமை எங்களுக்குப் புரிந்தது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். ஒரு பழுதும் வரவில்லை. கரண்ட் போய்வந்தால் சர்வர் உடனே எழுந்தது. டீ குடிக்கப் போகக் காரணமே இல்லாமல் போயிற்று. அவர் விட்டுப்போன இடத்தையும் நான் ‘ஈரக் கையால் தொடாதீர்’ எழுதியே நிரப்பினேன்.

அவருக்கு இப்போது மாங்காட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் கேமராத் திரைகளுக்கு முன்னால் வேலை. ஒன்றும் நடக்கவில்லை என்று பார்த்துச் சொல்வதற்குச் சம்பளம் தரும் வேலை உலகத்தில் அது ஒன்றுதான். அதைத் தேடிப் பிடித்த திறமையை மட்டும் நான் மெச்சுகிறேன்.

வருஷா வருஷம் விஜயதசமியன்று பதினோரு மணிக்கு எனக்கு ஒரு போன் வரும். “சார், எல்லாம் சரியா கீதா?” “சரியா இருக்கு.” வைத்துவிடுவார். முதல் வருஷம் ஏதோ சிபாரிசு கேட்கப்போகிறார் என்று பயந்தேன். அடுத்த வருஷம் எரிச்சலாக இருந்தது. என் மனைவி ஆஸ்பத்திரியில் இருந்த வருஷம் மட்டும், ‘சரியா இல்ல’ என்று சொல்லிப் பார்த்தேன். சாயங்காலமே ஆஸ்பத்திரியில் பார்வையாளர் வரிசையில் டிபன் டப்பாவோடு நின்றார். டப்பாவில் ஒரே ஓர் இட்லி இருந்தது.

இந்த வருஷம் பதினோரு மணி ஆகியும் போன் வரவில்லை. பதினொன்றேகால் வரை எதையோ படிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். பிறகு நானே கூப்பிட்டேன்.

“இன்னா சார், நீயே போன் பண்றே? சார்ஜ் போட்டுகினு இருந்தேன். இன்னா விஷயம்?”

“ஒண்ணும் இல்லைய்யா” என்று சொல்லி வைத்துவிட்டேன். அதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.